ஆசிரியரம்மாவின் கட்டுரை

தாள் கிழியும் சத்தம் கேட்டால் எனக்கு ஆசிரியரம்மாவின் ஞாபகம் வந்துவிடும், கண்ணுகளா. ஏற்காட்டில் அவர் நடத்திய ஆராய்ச்சி இதழின் அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஜீப்பும் நான்தான் ஓட்டுவேன். சேர்வராயன் மலையின் செடிகள், ஊர்கள், வழக்கங்கள் பற்றிக் கட்டுரைகள் வரும். எழுதியவர் பெயருள்ள முதல் தாளைக் கிழித்து அலமாரியில் பூட்டிவிட்டு, மற்றதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் அறிஞர்களுக்கு அனுப்புவேன். யார் எழுதியது என்று தெரியாமல் படித்தால்தான் நியாயமாகப் படிப்பார்கள் என்பது அம்மா வைத்த விதி.

பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் முன் வந்த கடைசி இதழுக்கு, பல வருடம் எழுதிய தன் கட்டுரையையும் அம்மா கொடுத்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றியது. அதன் முதல் தாளையும் கிழித்தேன். சேலத்துப் பேராசிரியர் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "எழுதியவர் திருவிழாவுக்கே போனதில்லை போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார். உண்மைதான். திருவிழா நடக்கும் ஒவ்வொரு மே மாதமும் இதழ் அச்சுக்குப் போகும் வேலையில் அம்மா மேசையை விட்டு எழ மாட்டார். கேட்டறிந்தும் படித்தும்தான் எழுதியிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இது உங்க கடைசி இதழுங்கம்மா. உங்களுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒத்துக்குவாருங்க."

"போன தடவை கொட்டச்சேடு ஊர்ப் பையன் ஒருத்தனோட கட்டுரையைத் திருப்பி அனுப்புனமே சாமி, அவன் யாருகிட்டப் போய்ச் சொல்லுவான்?"

இதழ் அவர் கட்டுரை இல்லாமலே வந்தது. அதன்பிறகு அந்தப் பேராசிரியர் ஒருநாள் அம்மா ஊட்டுக்கே வந்தார். காபி குடித்தபடி, "ஏனுங்கம்மா, கோயில் பக்கமே போகாம ஒருத்தர் நொம்ப தைரியமா எழுதியிருந்தாருங்களே, யாருங்க அது?" என்று சிரித்தார். அம்மா தம்ளரை நிரப்பிக்கொண்டே, "பாவமுங்க, மே மாசத்துல அவருக்கு வேலை இருந்திருக்கும்" என்றார்.

அடுத்த மே மாதம் ஜீப்பை எடுக்கச் சொன்னார். மஞ்சக்குட்டையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கூட்டத்தில் நசுங்கி, கோயில் இருக்கும் குகைக்குள் குனிந்து போய் வந்தார். சேலையெல்லாம் திருநீறு. "நான் எழுதுனதுல பாதி இங்க இல்ல சாமி" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். முதலிலிருந்து மறுபடி எழுதினார். வேறெவரையும் போலப் பெயருள்ள முதல் தாளைக் கிழித்துவிட்டே படிக்கக் கொடுக்கச் சொல்லி, புது ஆசிரியருக்கு அனுப்பினார்.

இன்று அந்த இதழைக் கைபேசியில் எங்கிருந்தும் படிக்கிறார்கள். மலைக்கு வந்தே இராதவர்கள்கூட எங்கள் ஊரைப் பற்றி அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். அம்மா இப்போது இல்லை. அன்று அவர் கட்டுரை வெளியானபோது பெயரைப் பார்த்துப் பதறிப்போன பேராசிரியர் போனில் மன்னிப்புக் கேட்டார். அம்மா அவரைப் பேசி முடிக்க விடவில்லை.

"நீங்க திருப்பி அனுப்பலைன்னா, அந்தத் திருவிழாவைப் பாக்காமலே நான் போய்ச் சேர்ந்திருப்பேனுங்க."