தேங்காய் எழுந்து நின்ற கை

எதிர்வீட்டில் நேற்று தண்ணீருக்காகப் போட்ட போரில் வெறும் புழுதிதான் வந்தது. அந்தச் சூடான கல்தூள் வாடை மூக்கில் ஏறினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் வெள்ளாமைக் காட்டில் ஒரு கிணறு இருந்தது. படியெல்லாம் பாசியும் புறா எச்சமும் நாற, உச்சி வெயிலிலும் உடம்பு நடுங்க, குதித்தவர் கூச்சல் கல்லில் மோதி அவருக்கே திரும்பி வர, பள்ளிக்கூடம் விட்டால் இருட்டும்வரை நான் அதற்குள்தான் கிடப்பேன். எட்டு வயதில், என் உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் நீரோட்டம் இருந்த இடத்தில் தானாக எழுந்து நின்றது. கிணற்றுத் தண்ணீர் போதாதென்று பெரியப்பா என்னைக் கிணற்றைச் சுற்றியே நடத்தி நான்கு போர் போட்டார். ஒவ்வொன்றும் பீய்ச்சியடித்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். அடுத்த சித்திரையில் கிணற்றில் பாறைதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் தேங்காய் பிடிக்கவில்லை. "சாமி குடுத்த கைய வீணாக்கறயே" என்று சாகும்வரை கரித்துக்கொட்டினார் பெரியப்பா. கிணற்றை மூடி மனை போட்டு விற்றவரும் அவரேதான்.

இன்று எதிர்வீட்டுக்காரர் தேங்காயோடு வந்து நின்றார். எந்த ஓட்டைவாய் சொன்னதோ.

"ஏனுங்கக்கா, ஒருக்கா புடிச்சுப் பாருங்க."

அவர் மனைக்குப் பின்னால் கிணறு ஒன்று மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் அதில் குதிக்கும் சத்தம் கேட்டது. தேங்காயை வாங்கிக்கொண்டு அவர் வாசலில் நடந்தேன். மூன்றாவது எட்டில் அது கையில் அசைந்தது. விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்தேன்.

"இங்க சொட்டுத் தண்ணி இல்லீங்க" என்றேன்.