பேசக்கூடாது என்று வந்த கடிதம்

அந்தக் கடிதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மெயிலில் வந்தது. எங்கள் நிறுவனம் இன்னொரு ஸ்மார்ட்போன் நிறுவனத்தின் மேல் பேடன்ட் வழக்குப் போட்டிருக்கிறது. அவர்களுடைய புது மாடலை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை கேட்டிருக்கிறது. வழக்குக்கு ஆதாரமான பேடன்டில் என் பெயர் இருப்பதால் நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பில் யாரோடும் தொடர்பு கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பேடன்டில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று செண்பகம், அதாவது நான். இன்னொன்று ஜெயசீலி. அவள் சில வருஷங்களுக்கு முன்பே எங்கள் கம்பெனியை விட்டுவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்த கம்பெனி மேல்தான் இப்போது வழக்கு.

துளியும் விரலும்

எனக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஜெயசீலிக்குப் பாளையங்கோட்டை. அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படித்தபோது நாங்கள் ஒரே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாஸ்டலில் இருக்க மாட்டேன், அவள் வீட்டில்தான் சாப்பாடு. சர்ச்சிலிருந்து வந்ததும் அவள் அப்பா எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பார்; அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். நான் வர நேரமானால் எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு பெங்களூரில் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே டீம். எங்கள் வேலை டச் ஸ்கிரீன்.

ஒரு லீவில் அவளும் நானும் பாபநாசத்தில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் போன் அடித்தது. ஈரக்கையோடு எடுக்கப் பார்த்தாள், கட் ஆகிவிட்டது. திருப்பிக் கூப்பிடப் போனால் யாருக்கோ போய்விட்டது. போனைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏட்டி, நாமதான இத செய்யுதோம். தண்ணி எது, விரல் எதுன்னு இதுக்குத் தெரியல பாரு."

"ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான்லா. எது பட்டாலும் சிக்னல் மாறத்தான செய்யும்," என்றேன்.

அவள் ஸ்கிரீனைச் சாய்த்துப் பிடித்தாள். அதில் ஒரு துளி மெதுவாக இறங்கியது.

"தண்ணி பைய வழியுது. ஓரம் மாறிக்கிட்டே இருக்கு. விரல் அப்படிச் செய்யாதுல்லா? ஒரு செகண்டுல எத்தன தடவ ஸ்கிரீன ஸ்கேன் பண்ணுதோம்? முந்தின படத்தையும் இப்ப உள்ளதையும் வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுருமே."

பெங்களூர் திரும்பியதும் ஆறு மாதம் அதிலேயே கிடந்தோம். துளி வழிவதை வைத்துக் கண்டுபிடிப்பது அவளுடைய வழி. ஸ்கிரீனை இரண்டு விதமாக ஸ்கேன் செய்து ஒப்பிடுவது என்னுடைய வழி. என் வழி சீக்கிரம் வேலை செய்தது. மேனேஜர் அதையே பேடன்டுக்கு எழுதச் சொன்னார். இருவர் பெயரும் போட்டோம். அவளுடைய வழி எங்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

பேடன்டுக்கு எழுதுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நாங்கள் படித்த கல்லூரியில் எங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரேயரை ஜெயசீலி கையில் எடுத்தாள். நாங்கள் கொண்டுபோன டெஸ்ட் ஸ்கிரீன் மேல் அடித்துவிட்டு, தன்னுடைய முறை எப்படி வேலை செய்கிறது என்று நூறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதியே விளக்கினாள். பேடன்ட் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் போனது. அன்றைக்கு நாங்கள் அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

கேட்ட கேள்விக்கு மட்டும்

வழக்கு வந்த சமயம் நான் அப்பாவோடு பாளையங்கோட்டையில் வீடு எடுத்து, அங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயசீலி பெங்களூரில் இருந்தாள். அவள் பெற்றோர் இருந்த தெரு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

லீகல் பிரிவிலிருந்து ராகவன் என்பவர் வீடியோவில் வந்தார். எதிர்க் கம்பெனி போனைப் பிரித்துச் சோதித்த ரிப்போர்ட்டைக் காட்டினார். இரண்டு பக்கம் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் இருந்தது என் முறை இல்லை, ஜெயசீலியின் முறை. துளி வழிவதைப் பார்க்கிற அதே கணக்கு.

"நம்ம பேடன்ட்ல உரிமை கேட்டிருக்கிற வார்த்தை ரொம்ப அகலம், மேடம். இதுவும் அதுக்குள்ள வந்துடும். உங்க ரெண்டு பேருக்கும் இந்த முறை அப்பவே தெரியும்னு நீங்க ஒரு அஃபிடவிட் கொடுத்தா போதும்," என்றார்.

"தெரியும்தான் சார். ஆனா விண்ணப்பம் போடுறதுக்கு முந்தியே அத ஒரு காலேஜ்ல எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டிட்டோம்."

அவர் திரையில் இருந்த ரிப்போர்ட்டை மூடினார். ஊர் அறியக் காட்டிவிட்ட ஒன்றைப் பிறகு தனக்கு மட்டும் சொந்தம் என்று பேடன்டில் கேட்க முடியாது. இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மேடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இத யாரும் உங்ககிட்ட கேக்கல."

அஃபிடவிட், அதாவது கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரம், வந்தது. கல்லூரி விஷயம் அதில் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதினேன். சேர்க்கவில்லை. அன்று என்ன நடந்தது, எதைக் காட்டினோம் என்று முழுவதையும் மெயிலாக எழுதி, லீகல் தலைவருக்கும் என் டைரக்டருக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, உங்கள் சாட்சி தேவைப்படாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. புது புராஜெக்ட் எதிலும் என்னைச் சேர்க்காமல் விட்டார்கள்.

நான் இல்லாமலே வழக்கு நடந்தது. கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தது. வந்த போன்கள் துறைமுகத்திலேயே நின்றன. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அந்த மாடலைக் கேட்டுப் பார்த்தேன். "சரக்கு வராதுக்கா, ஏதோ கேஸாம்," என்றார் கடைக்காரர். ஜெயசீலியின் டீமைக் கலைத்துவிட்டார்கள் என்று லிங்க்ட்இன் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முன்பெல்லாம் தினமும் பேசுவோம். அவள் எண் என் போனில் முதலில் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் திறப்பேன், மூடுவேன். கடிதம் வந்த அன்றிலிருந்து அவள் கூப்பிட்ட மூன்று அழைப்புகளையும் நான் எடுக்கவில்லை.

சார் போன அன்று

தடை நடப்பிலிருந்த சமயத்தில் சார், ஜெயசீலியின் அப்பா, இறந்துபோனார். அப்பா மார்க்கெட்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"யம்மா, வாத்தியார் தவறிட்டாராம். சாயங்காலம் எடுக்காங்க. கிளம்பு."

"நான் வரக்கூடாதுப்பா."

"யாரு சொன்னா, ஜெயசீலியா?"

"கம்பெனி சொல்லியிருக்கு."

அப்பா மில்லில் ஸ்டிரைக், கதவடைப்பு எல்லாம் பார்த்தவர். எதிர்ச் சங்கத்துக்காரர் வீட்டில் சாவு என்றாலும் துட்டிக்குப் போய்வந்தவர். வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு தனியாகப் போனார். திரும்பி வந்து, "ஜெயசீலி ஒன்னக் கேட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அன்று மாலை மீட்டிங் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

தடை விலகியபின்

ஒன்றரை வருஷம் கழித்து இரண்டு கம்பெனிகளும் சமரசம் ஆகிவிட்டன. இவர்கள் பேடன்டை அவர்களும், அவர்கள் பேடன்டை இவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். என் மெயில் அதற்கு ஒரு காரணமா என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே போன்கள் கடைக்கு வந்தன.

லீகலுக்கு நான் அனுப்பிய மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஜெயசீலி வீட்டுக்குப் போனேன். அவள் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். கதவைத் திறந்து, "வாங்க," என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மெயிலை முழுவதும் படித்தாள். மடித்து என்னிடமே தந்தாள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதுல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல. அப்பாவ எடுக்குத வரைக்கும் நான் தெருவத்தான் பாத்துட்டு இருந்தேன்."

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், தொடர்பு கூடாது என்று எழுதியிருந்ததை.

"எங்களுக்கும் அதே மாதிரிதான் வந்துச்சு. கேஸப் பத்திப் பேசக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த அந்தப் பழைய கடிதத்தை மெயிலில் தேடி எடுத்தேன். என்னுடையதிலும் அதுதான் இருந்தது. 'வழக்கு தொடர்பாக எதிர்த்தரப்பினருடன் எந்தத் தொடர்பும் கூடாது.' முதல் இரண்டு வார்த்தைகளை நான் அன்றைக்குப் பயத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பேடன்டில் உங்கள் பெயர் இருக்கும், உரிமை கம்பெனியுடையது. நாளை அதை வைத்து அவர்கள் யார் மேலும் வழக்குப் போடலாம். லீகலிலிருந்து கடிதம் வந்தால் வரி வரியாகப் படியுங்கள். எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தடுக்காத எதையும் நீங்களாகத் தடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துட்டி வீட்டுக்குப் போய்வரலாமா என்று நான் ராகவனிடம் கேட்டிருந்தால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

போன மாதம் ஜெயசீலி கூப்பிட்டாள். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கார் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். போனேன். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு டீ வாங்கி வந்தவள், நான் கேட்காமலே சீனி இல்லாமல் வாங்கி வந்திருந்தாள்.