எல்லைமலை நாயும் பட்டாபிராம் பெருச்சாளியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டாபிராமில் எங்கள் தெருவில் நின்றிருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, தங்கை கவிதா, எதிர்வீட்டுக் கரீம் பாய், நான். அப்பா இல்லை; நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கப் போயிருந்தார். ரோரியும் இல்லை. ரோரி எங்கள் காலுக்குக் கீழே, மண்ணுக்குள் எங்கோ இருந்தான். அவனை வெளியே எடுத்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் அவன் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊரில். இங்கே எதிரில் வருபவர் முதலில் நாயைத்தான் விசாரிப்பார். குனிந்து அதன் தாடையைத் தடவி, பெயர் கேட்டு, வயது கேட்டு, வானிலை பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். கயிற்றின் மறுமுனையில் இருப்பவனின் பெயர் அவருக்குத் தேவையில்லை. நான் வந்த முதல் வருடம் முழுக்க என் பெயரை இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டில் பிறந்த குட்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதற்கு மறுவாரமே ரொட்டிக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் நான் தெரிந்தவன் ஆகிவிட்டேன். ‘ரோரியின் அப்பா’ என்றார்கள். இதுவும் ஒரு வகைக் குடியுரிமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோரி பார்டர் டெரியர் இனம். எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தால் ஒரு நிமிடம்கூட நின்று பார்க்க மாட்டார்கள். தவிட்டு நிறம், கம்பி போல் முடி, நீர்நாயின் முகம், ஆறரைக் கிலோ எடை. ஒருநாள் ஆற்றங்கரைப் பூங்காவில் உயரமான ஒரு மனிதர் எதுவும் கேட்காமல் மண்டியிட்டு, ரோரியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் வளையம் போலக் கோத்து அவனைத் தூக்கினார். கொண்டுபோகப் பார்க்கிறார் என்று நினைத்துக் கயிற்றைச் சட்டென்று இழுத்தேன். “அளவுதான் பார்க்கிறேன்” என்றார். எடையைக் கேட்கிறாராக்கும் என்று “ஆறரைக் கிலோ” என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டி, இரண்டு கை விரல்களும் ஒன்றையொன்று தொடுவதைக் காட்டினார். மார்பு அந்த அளவுக்குள் அடங்கினால்தான் பார்டர் டெரியராம். இந்த எல்லை மலைகளில் செம்மறி வளர்த்தவர்களின் ஆட்டுக்குட்டிகளை நரி தூக்கிக்கொண்டு போகும். அந்த நரியை, வேட்டைக்காரர்களின் குதிரைக்கு ஈடுகொடுத்து ஓடித் துரத்தக் கால் நீளமாக இருக்க வேண்டும். அது பொந்துக்குள் புகுந்தால் பின்னாலேயே புக மார்பு ஒடுங்கியிருக்க வேண்டும். பொந்துக்குள் மாட்டினால் திரும்பி வரத் தோல் தளர்ந்திருக்க வேண்டும். ரோரியின் தோல், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரிதான் இருக்கும்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வலித்தால் காட்டாது. பல் உடைந்தாலும் காலில் முள் ஏறினாலும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து நிற்கும். வளர்ப்பவன்தான் தினமும் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரோரியோடு ஒரு காகிதமும் வந்தது. அதில் அவனுடைய ஐந்து தலைமுறை முன்னோர்களின் பெயர்கள் மரக்கிளை போல அச்சிடப்பட்டிருந்தன. நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயர்கூட யாருக்கும் தெரியாது. அம்மாவின் பிறந்த நாள், ஆதார் எடுக்க வந்தவர் குத்துமதிப்பாகப் போட்டது. எங்கள் குடும்பத்தில் காகிதத்தில் முதலில் ஏறிய பெயர் என்னுடையதுதான், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஐந்து தலைமுறைப் பெயர் உள்ள ஒரு ஜீவனுக்குச் சோறு போடுபவனாக நான் ஆகியிருந்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பிறகு கம்பெனி என்னை இரண்டு வருடத்துக்கு அம்பத்தூர் கிளைக்கு அனுப்பியது. ஊசிச் சான்று, தோலுக்கடியில் சிப், தடையில்லாச் சான்று என்று எனக்கு விசா வாங்கியதைவிட அதிகமாக அலைந்து ரோரியையும் கொண்டுவந்தேன். மரப்பெட்டியிலிருந்து அவன் இறங்கியதும் கவிதா சுற்றி வந்து பார்த்தாள்.

“இதுக்கா அண்ணா இவ்ளோ பேப்பரு? ஸ்டேஷனாண்ட படுத்துகினு கீற நாய் மாதிரியே கீது.”

“தேங்கா நாரு மாதிரி கீது,” என்றார் அம்மா. “எதுனா துன்னுதா, பாரு.”

ரோரி எல்லாவற்றையும் தின்றான். தயிர்ச்சோறு, இட்லி, கருவாட்டுத் தலை. அதுவே பெரிய பாடாகிவிட்டது, ஏனென்றால் இந்த இனம் வேகமாகப் பெருத்துவிடும், பெருத்தால் இடுப்பு போய்விடும். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது என்று அம்மாவிடம் நூறு முறை சொன்னேன். நடைக்கு அழைத்துப்போவது வெயில் ஏறுவதற்கு முன் ஐந்தரை மணிக்கு, அப்புறம் தார்ச் சாலையின் சூடு ஆறிய பின் சாயங்காலம். தினமும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். கோடைக்கு முன்னால் மொட்டை போட்டுவிடலாம் என்று அம்மாவும், சம்மர் கட் என்று நாய்க்கடைக்காரரும் சொன்னார்கள். இரண்டுக்கும் நான் விடவில்லை. இந்த முடியை வெட்டக் கூடாது. வெட்டினால் பஞ்சாகிப்போகும், வெயிலையும் தாங்காது, தண்ணீரையும் தாங்காது. முதிர்ந்த முடியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். அவனுக்கு வலிக்காது. “கோழி உரிக்கற மாதிரி,” என்று அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, என்னைவிட வேகமாகச் செய்தார்.

அவன் வந்த இரண்டாவது மாதம், அந்த ஞாயிறு. நடை முடிந்து அவனைக் கேட்டுக்குள் விட்டுப் பால் வாங்கப் போனேன். கேட்டின் கொண்டியைப் போட மறந்துவிட்டேன். ஒரு பெருச்சாளி தெருவைக் கடந்தது, ரோரி பாய்ந்தான், அது கால்வாயில் இறங்கியது, அவனும் இறங்கினான் என்று கவிதா பின்னால் சொன்னாள். கால்வாயின் மேல், அடியில் தண்ணீர் ஓட ஒரு குழாய் பதித்து, கரீம் பாய் புதிதாகப் போட்ட சிமெண்ட் ராம்ப் இருந்தது. பாய்க்குப் பூந்தமல்லியில் மரக்கடை. லோடு வண்டி வீட்டுக்குள் ஏற வேண்டும் என்று அதைப் போட்டுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. காலையும் மாலையும் அவரே நின்று, சிமெண்ட் இறுக அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரோரி அந்தக் குழாய்க்குள் புகுந்து அதன் அடியில் போய்விட்டான்.

நான் ஓடிவந்தபோது பாய் அந்தக் குழாயின் வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மூன்றாவதைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“பயப்படாத தம்பி. தண்ணி ஊத்துனா தானா வெளிய வந்துரும். பெருச்சாளியே வருது, இது வராதா.”

“ஊத்தாதீங்க பாய். அது வெளிய வராது, இன்னும் உள்ளதான் போவும்.”

“இன்னாபா இது, தண்ணிய கண்டா ஓடாத நாயி?”

எங்கள் பக்கத்தில் பெருச்சாளிக்குச் செய்யும் வைத்தியத்தைத்தான் அவர் நல்ல மனதோடு செய்தார். பின்வாங்காமல் இருப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக ஒரு நாயை வளர்ப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும். உள்ளே மண் கரைந்து அடைத்தால் மூச்சு முட்டிச் சாவான், அப்போதும் கத்த மாட்டான். நான் கால்வாயோரம் குப்புறப் படுத்து ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

“அதுக்கு இங்கிலீசு மறந்துபோச்சு போல அண்ணா,” என்றாள் கவிதா.

“எல்லாரும் வாய மூடிகினு நில்லுங்க,” என்றார் அம்மா. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

அம்மா பதினான்கு வருடம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர். ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை எந்தத் தெருவின் அடியில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். பூமிக்குள் குழாய் ஒழுகினால், சாலையை முழுக்கப் பிளக்காமல் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மேஸ்திரி அம்மாவைத்தான் கூப்பிடுவார். கடப்பாரையை மண்ணில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். ஆறாம் வகுப்பில் பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘தண்ணீர் ஒழுகுவதைக் கேட்பது’ என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டுக் ‘கூலி’ என்று போட்டார்.

அம்மா ராம்பின் தெருவோரம் ஊன்றிக் கேட்டார். நடுவில் கேட்டார். பாய் வீட்டு மதில் பக்கம் வந்து கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“இங்க கீறான். குழாய விட்டுட்டு மதிலாண்ட மண்ணுக்குள்ள பூந்துட்டான். பறாண்டறான்.”

“குழாயிலதாம்மா இருப்பான். அவ்ளோ தூரம் எப்படிப் போயிருப்பான்,” என்றேன்.

“நீ படிச்சவன். சரி, எந்த எடம்னு காட்டு.”

நான் விலகி நின்றேன். அம்மா தான் கேட்ட இடத்தில் செங்கல் துண்டால் பெருக்கல் குறி போட்டார். பாய் தன் ராம்பைப் பார்த்தபடி நின்றார்.

“அக்கா, இங்க இல்லனா?”

“இல்லனா ராம்பு முழுக்க நான் போட்டுத் தரேன் பாய்.”

“நீ இதுமாரி எத்தினி எடம் பாத்துகீற?”

“நீ எத்தினி மரம் அறுத்துகீற? அத்தினி.”

பாய்க்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. “குடு, நானே ஒடைக்கறேன்,” என்று கை நீட்டினார்.

“நீ ஓங்கி அடிச்சா அவன் மண்டைல எறங்கும். தள்ளு.”

அம்மா ஓரங்களைக் கொத்திக் கொத்தி, பலகாரத்தை வெட்டுவது போல ஒரு சதுரத்தைப் பெயர்த்தார். கடப்பாரை திடீரென்று உள்ளே இறங்கியது. அதற்குப் பிறகு கையால்தான் மண்ணை அள்ளினார். ஒரு முழ ஆழத்தில் தவிட்டு நிறத்தில் முதுகு தெரிந்தது. நான் இரண்டு கைகளையும் விட்டு, அவன் முன்னங்கால்களுக்குப் பின்னால் வளைத்தேன். அடியில் என் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. அந்தத் தளர்ந்த தோல் என் கைக்குள் புரள, சேற்றோடு அவன் மேலே வந்தான். காது கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். வாயில் செத்த பெருச்சாளி. ஒரு முனகல்கூட இல்லை. அம்மா முகத்துக்கு நேரே கொண்டுபோனபோது வாலை ஆட்டினான்.

“தம்மாத்துண்டு நாயி,” என்ற பாய், குழிக்குள் எட்டிப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ராம்பின் அடியில் பாதிக்கு மேல் மண்ணே இல்லை. பெருச்சாளிகள் எல்லாவற்றையும் தோண்டி வைத்திருந்தன. மறுநாள் காலை தேக்கு ஏற்றிய வண்டி அதன் மேல் ஏறுவதாக இருந்தது.

அம்மா சொன்ன இடத்தில்தான் இருந்தான்; பந்தயப்படி ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆனாலும் அடைத்துப் பூசும் செலவை நான் தருகிறேன் என்று போனை எடுத்தேன். பாய் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“நீ இன்னிக்கு கீற, நாளைக்கு பிளைட் ஏறிடுவ தம்பி. ஊருக்கு வந்த புள்ளகிட்ட துட்டு வாங்குனா நல்லாருக்காது.”

“நான் இந்தத் தெருவுல பொறந்தவன் பாய்.”

“அது செரி,” என்றார் அவர் அன்பாகவே. பிறகு அம்மாவிடம் திரும்பி, “அக்கா, ஆளுக்குப் பாதி?” என்றார். அம்மா, “ஒடைச்சது நானு, குடுக்காம போவேனா,” என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு ஜல்லி என்று பேசத் தொடங்கியபோது நான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

இரண்டு வருடம் முடிந்து நான் திரும்ப அழைக்கப்பட்டபோது அம்மா ரோரியைத் தரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இன்று அவன் முன்னோர்கள் ஓடிய மலைச்சரிவில் நான் தனியாக நடக்கிறேன். என் அம்மா நடந்த தெருவில் அவன் நடக்கிறான். போனில் வீடியோவில் கூப்பிட்டால், ராம்பில் நிறம் மாறித் தெரியும் அந்த ஒட்டுச் சதுரத்தின் மேல்தான் வயிறு பட நீட்டிப் படுத்திருக்கிறான். வருகிறவர்கள் போகிறவர்கள் அவனைத் தாண்டிப் போகிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. அந்தச் சதுரத்துக்கான பாதிச் செலவு, அவன் காதுக்குப் போட்ட தையல், ஊசி எல்லாம் சேர்த்து அம்மா தன் கையால் கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.