இடது பக்கம், நேரா போங்க

ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்துவதால் அவருக்கு ஒதுங்கண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது.

கால்வாய்களால் ஆன ஊர். தெரு என்று இருப்பதெல்லாம் இரண்டு ஆள் அகலம், மீதி தண்ணீர். கார் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. மாவு மூட்டையிலிருந்து ஃபிரிட்ஜ் வரை எல்லாம் படகில் துறைக்கு வரும், அங்கிருந்து கைவண்டி. வழியெல்லாம் பாலம், பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. வண்டியைப் பின்னால் சாய்த்து, முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்களைப் படியில் ஏற்றி, இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு. ஒரு படிக்கு ஒரு மூச்சு. அந்த மூச்சில் எதிரே ஒருத்தன் நின்றுவிட்டால் மொத்தப் பாரமும் நெஞ்சுக்கு வந்துவிடும்.

நிற்பான். கட்டாயம் நிற்பான். பாலத்து உச்சியில்தான் படம் நன்றாக விழுகிறதாம்.

சுற்றுலாக்காரர்கள் காலை ரயிலில் வருவார்கள். ரயிலடியிலிருந்து படகு ஏறுவார்கள். மத்தியானத்துக்குள் ஊரையே பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். பழைய சுவர் என்று தடவிக் கொடுப்பார்கள். அந்தச் சுவருக்குள் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க நாதியில்லை. எல்லாரும் தண்ணீருக்கு அப்பால், கார் ஓடும் அக்கரை நகரத்துக்குப் போய்விட்டார்கள். வீடுகளெல்லாம் விடுதியாகிவிட்டன. ஆணிக்கடை இருந்த இடத்தில் இன்று ஒரு ஆணி வாங்க முடியாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற குட்டிக் காந்தப் படகு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒதுங்கண்ணனின் பிழைப்போ அப்படி வந்தவர்கள் படுக்கிற மெத்தையைச் சுமப்பதில் ஓடியது. திட்டவும் வேண்டும், அவர்கள் தயவில் சாப்பிடவும் வேண்டும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த எரிச்சலுக்கு வண்டிக்காரர்கள் ஒரு வடிகால் வைத்திருந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றவன் வழி கேட்டால், "இடது பக்கம், நேரா போங்க." அவ்வளவுதான். பெரிய பாலத்தடியில் இடது பக்கச் சந்து ஐந்து திருப்பம் திரும்பி, ஆறாவதில் பாசி படிந்த படியாகித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். காபிக்கடையில் கூடும்போது, "இன்னைக்கு நான் மூணு பேரை அனுப்பினேன்" என்பான் ஒருவன். "நான் ஒரு குடும்பத்தையே அனுப்பினேன்" என்பார் ஒதுங்கண்ணன். கடை அதிரச் சிரிப்பார்கள்.

வீட்டில் அவருக்கு அக்கா ஒருத்திதான். இருபத்தாறு வருஷம் பயணிகள் படகில் கயிறு கட்டியவள். ஒவ்வொரு துறையிலும் கயிற்றை வீசி, முளையில் இரண்டு சுற்று சுற்றி, படகை இழுத்துப் பிடித்து ஆட்களை இறக்கி ஏற்றிய இடுப்பு, போன மழைக்காலத்தில் குளியலறையில் உடைந்தது. மூன்றாவது மாடி, நாற்பத்தேழு படி. கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அக்கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றால் யார் வருவார்கள்? இங்கேயே தங்கலாம் என்றால் அறை ஏது, எல்லா அறையிலும் யாரோ ஒருவன் இரண்டு நாளைக்கு வந்து படுத்திருக்கிறான்.

ஆள் அனுப்புகிற அலுவலகத்துக்காரி கடைசியாகச் சொல்லிவிட்டாள். "நாலாவதா ஒரு பொண்ணு இருக்கு. உங்க வீட்டுலயே தங்கிப் பார்த்துக்கும். இதுவும் நிக்கலைன்னா, அக்காவை அக்கரையில முதியோர் இல்லத்துல சேர்த்துடுங்க. எங்களால ஆகாது."

"நிக்கும், நிக்கும். எப்ப வருது?"

"திங்கக்கிழமை பத்து மணிப் படகுல. புது ஊரு, நீங்க வந்து கூட்டிட்டுப் போங்களேன்."

திங்கட்கிழமை அவருக்கு விடுதி மெத்தைகள் இறக்குகிற நாள். "வேலை இருக்கும்மா. துறையில இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார்.

திங்கட்கிழமை பத்தரைக்கு, ஆறு மெத்தையோடு பெரிய பாலத்தின் ஏழாவது படியில் இருந்தார். மேலே ஒரு கூட்டம் கையைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "ஒதுங்கு!" கேட்கவில்லை. "காது என்ன அடைச்சா போச்சு, ஒதுங்கு!" கூட்டம் சிரித்துக்கொண்டே பாதி ஒதுங்கியது. அந்த இடைவெளியில் ஒரு சக்கரப் பெட்டி, தடதடவென்று படிப்படியாக இடித்துக்கொண்டு இறங்கி, நேராக வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பெண்.

"அண்ணே, இந்த வீட்டுக்கு எப்படிப் போறது?" போனை நீட்டினாள்.

பாரம் நெஞ்சில் இருந்தது. போனில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

"இடது பக்கம், நேரா போங்க."

"ரொம்ப நன்றிண்ணே."

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். காலையில் எப்படி விட்டுப் போனாரோ அப்படியே அக்கா கிடந்தாள். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. விரிப்பு நனைந்திருந்தது.

"வரலடா அந்தப் பொண்ணு. படியில சத்தம் கேக்குதா கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே கிடக்கேன்."

"எல்லாம் ஒரே ஜாதி. சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியாத ஜென்மங்க." விரிப்பை மாற்றிக்கொண்டே அலுவலகத்துக்குப் போன் போட்டார். கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். "என்னம்மா, உங்க ஆளு எங்க? இதுதான் உங்க லட்சணமா?"

அலுவலகத்துக்காரியும் சும்மா இல்லை. "எங்க ஆளு வந்துட்டுத் திரும்பிட்டா சார். உங்க ஊர்ல ஒரு வண்டிக்காரர் வழி காட்டினாராம். போன இடம் தண்ணி. படியில சறுக்கி இடுப்பளவு விழுந்திருக்கு, போனும் போச்சு. யாரோ இழுத்துக் கரையேத்தினாங்களாம். ஈரத் துணியோட படகேறி வந்து, இனி அந்த ஊருப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்னு அழுதுட்டுப் போயிருக்கா. ஆரஞ்சுக் குல்லா போட்ட வண்டிக்காரராம். தெரிஞ்சா நல்லா நாலு கேளுங்க."

ஒதுங்கண்ணன் தலையில் ஆரஞ்சுக் குல்லா இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"போனைக் காட்டிச்சா?"

"ம்."

"பார்த்தியா?"

அவர் நனைந்த விரிப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"நம்ம வீட்டு நம்பர்டா அதுல இருந்தது! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" அக்கா கத்திய கத்தலில் இருமல் வந்துவிட்டது. "நான் இருபத்தாறு வருஷம் கயிறு கட்டினேன். எத்தனை லட்சம் பேர் வழி கேட்டிருப்பான்! கேட்டதையே கேப்பான், காலை மிதிப்பான். எரிச்சல் வந்தா வாயை மூடிக்கிட்டு நின்னேன். ஒருத்தனையும் தண்ணிக்குள்ள அனுப்பல. இப்ப என்னை எங்கடா அனுப்பப் போற?"

அவருக்கும் கோபம்தான். யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் குல்லாவைக் கழற்றிச் சுவரில் எறிந்தார். அது சத்தமே இல்லாமல் விழுந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்தக் குல்லாக்காரன் நான்தான் என்று சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். "அப்படின்னா சுத்தமா ஆளே கிடையாது" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்காவை மாடியிலிருந்து தூக்கி இறக்கி, தன் வண்டியிலேயே வைத்துத் துறைவரை தள்ளினார். அடியில் மெத்தை, இடுப்பைச் சுற்றிப் பட்டை. பாலம் பாலமாக ஏற்றி இறக்கினார். ஒரு இடத்திலும் "ஒதுங்கு" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியில் கிடந்தவளைப் பார்த்ததும் கூட்டம் தானாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய பாலத்தில் கழுத்தில் கேமரா தொங்கிய ஒருத்தன் ஓடி வந்து சக்கரத்தைப் பிடித்து, உச்சிவரை தூக்கிக் கொடுத்தான். அவனுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இவன் ஏன் நல்லவனாக இருந்து தொலைக்கிறான் என்று ஆத்திரமாக வந்தது.

அக்கரையில் இறங்கி, துறையில் வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தார். அவர் அந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம் இருக்கும். கார்கள் சீறிக்கொண்டு போயின. நாலு பக்கமும் ஒரே மாதிரித் தெரு. இல்லத்தின் முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த ஆளிடம் போனார்.

"அண்ணே, இந்த இல்லத்துக்கு எப்படிப் போறது?"

அந்த ஆளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் முகவரிச் சீட்டைப் பார்க்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இடது பக்கம், நேரா போங்க."

ஒதுங்கண்ணன் இடது பக்கத் தெருவைப் பார்த்தார். நீளமாகப் போய் எங்கேயோ திரும்பியது. நாற்காலியின் பிடியில் கை வைத்தார், தள்ளவில்லை.

"என்னடா நிக்கிற?" என்றாள் அக்கா. "அதான் வழி சொல்லிட்டாரே."

"இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிறேன்க்கா" என்று சொல்லி, போகிற வருகிறவர்களில் யார் முகத்தை நம்பலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.