ஏழாவது விண்ணப்பம்

புவனேஸ்வரியின் பரீட்சை விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. அது தபாலில் தொலையவில்லை. கடலில் நனையவில்லை. பரீட்சைக் கந்தோரில் எந்தக் கிளாக்கரும் தவறவிடவுமில்லை. நான்தான் அனுப்பவில்லை! இருபது வருடங்களாக ஒருவருக்கும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல வராதீர்கள்... கேட்டால் போதும்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் ஒரு கிராமப் பாடசாலை. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். கிடுகு வேய்ந்த ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளும் ஒன்றோடொன்று போட்டிபோட்டுக் கத்தும். கணிதம் படிப்பிக்க நான் ஒருத்திதான். விஞ்ஞானத்துக்கு ஒருவருமில்லை. கரும்பலகைக்கு ஒரு கவராயம்கூடக் கிடையாது. சணல் கயிற்றில் வெண்கட்டியைக் கட்டித்தான் வட்டம் கீறுவேன். அது எந்த நாளும் முட்டை வடிவில்தான் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

அந்த வருடம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். கதிரையில் சாய்ந்திருந்து இளநீர் குடித்தார். புறப்படும்போது தலைமை ஆசிரியரையும் என்னையும் அழைத்தார்.

"இந்த முறை எஸ்.எஸ்.சி. எழுதுற பிள்ளையளில ஒண்டும் பெயிலாகக்கூடாது. எல்லாரும் பாஸ் எண்டால் விஞ்ஞானக் கூடத்துக்கு நான் எழுதுறன். இல்லாட்டி மேல்வகுப்பை மூடிப்போட்டுப் பிள்ளையளைப் பட்டணத்துக்கு அனுப்புங்கோ."

பட்டணம் என்றால் திருகோணமலை. மூதூர் வரை நடந்து, அங்கிருந்து லாஞ்சி ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். எந்தத் தாய் தன் பெண்பிள்ளையை நாளாந்தம் அப்படி அனுப்புவாள்? மேல்வகுப்பை மூடினால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் படிப்பு அதோடு சரி.

பரீட்சைக்கு ஏழு பேர் இருந்தார்கள். ஏழாவது, புவனேஸ்வரி. தமிழ்க் கட்டுரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கேத்திரகணிதம், அந்த வட்டமும் முக்கோணமும், அவளுக்கு ஏறவேயில்லை.

ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள்! கேளுங்கள்... பாதிப் புத்தகத்தோடு நிறுத்தியவள் நான். மிச்சம் எனக்கே சரியாக விளங்கவில்லை. மற்ற ஆறு பேரும் தட்டித்தடவித் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். இவள் மட்டும், ரீச்சர் எப்படியும் சொல்லித் தருவா என்று நம்பிக்கொண்டிருந்தாள். நான் படிப்பிக்காததற்கு அவளை மக்கு என்று தீர்மானித்தேன். எவ்வளவு வசதியான தீர்ப்பு!

தலைமை ஆசிரியர் ஏழு விண்ணப்பங்களிலும் கையெழுத்திட்டு, அனுப்பிவிடும்படி என்னிடம் தந்தார். நான் ஒரே கவருக்குள் ஆறை வைத்து ஒட்டினேன். ஏழாவதைக் குசினி அடுப்பில் போட்டேன். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம்தானே, அடுத்த முறை எழுதட்டும், பள்ளிக்கூடம் பிழைக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் அல்லவா? பயம்... அழுவாள், தகப்பன் வந்து நியாயம் கேட்பார் என்ற வெட்கங்கெட்ட பயம்!

ஆறு பேருக்கும் அனுமதி அட்டை வந்தது. அவள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு வரேல்லை, ரீச்சர்."

"தபால் கொண்டுபோன லாஞ்சியில தண்ணி ஏறினதாம், பிள்ளை. உன்ர விண்ணப்பம் நனைஞ்சு பழுதாப் போச்சுதாம்."

எப்படி அந்தப் பொய் அவ்வளவு இலேசாக வந்தது! அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "ஓம், ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு பேரும் சித்தியடைந்தார்கள். விஞ்ஞானக் கூடமும் வந்தது. ஓட்டுக் கூரை, ஒரு அலுமாரி, பெட்டிக்குள் ஒரு தராசு. விஞ்ஞான ஆசிரியர் மட்டும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார். நுளம்புக்கடி தாங்க ஏலாது என்று இரண்டே மாதத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

அடுத்த பரீட்சைக்கு முன்னரே புவனேஸ்வரிக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணம் சொல்ல என்னிடமும் வந்தாள். நான் போனேன், பந்தியில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்!

அவள் குடியிருக்க வந்த வளவோ என் வளவுக்கு அடுத்தது. ஒரு வேலிதான் இடையில். காலையில் அவள் முகத்தில்தான் விழிப்பேன். இரண்டு தடவை மாற்றம் கேட்டு எழுதினேன். கணிதத்துக்குப் பதில் ஆளில்லை என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை எழுதவில்லை. தலைமை ஆசிரியையும் ஆனேன். எங்கே போவேன், சொல்லுங்கள்?

இந்த வருடம் அவள் மகள் சாந்தி பரீட்சை எழுதுகிறாள். போன கிழமை, விண்ணப்பத்தோடு மகள் வரவில்லை. தாய் வந்தாள். கந்தோர் அறையில் நாங்கள் இருவர்தான்.

"இந்த முறையாவது அனுப்புங்கோ, ரீச்சர்."

என்ன கதை இது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஏழும் ஒரே கவரிலதானே போயிருக்கும்? மற்ற ஆறும் நனையேல்லை. எனக்குக் கணக்கு வராதுதான்... ஆனால் அந்தக் கணக்கு அண்டைக்கே விளங்கினது."

"பிறகேன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீங்கள் எப்பிடியாவது மாத்தம் எடுத்துப் போயிருப்பியள். பிறகு என்ர பிள்ளைக்கு ஆர் கணக்குப் படிப்பிக்கிறது?"

அவள் குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன்! காலில் விழுந்து அழுதிருப்பேன். அவள் அதற்கும் இடம் தரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் அடைபட்டுக் கிடந்தேன் என்று நினைத்திருந்தேனே... அந்தப் பக்கம் அவளும் என்னைத் தவிர வேறு கதியில்லாமல் இருந்திருக்கிறாள். அதுவும் எல்லாம் தெரிந்துகொண்டு!

மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். அவள் படிவத்தை மேசையில் வைத்துப் பேனையை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்து வைத்தேன். மற்றப் பிள்ளைகளின் படிவங்களோடு அதையும் சேர்த்து, நாளைக்கு அனுப்பிவிடுவேன் என்றேன்.

"இப்பவே கவரை ஒட்டுங்கோ, ரீச்சர்" என்றாள் அவள். "நான் நிண்டு பாக்கிறன்."