இரண்டு மண்டையிலும் காயம்

அருங்காட்சியகங்களுக்கு விலங்குச் சிலை செய்வதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில். ஒரே பட்டறை, நடுவில் தகர மறைப்பு. அண்ணனின் மனைவி இறந்த அன்று, எல்லாம் முடிகிற நேரத்துக்கு வந்து வாசலில் நின்றான் தம்பி. ஊரே பார்க்க, "இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டார் அண்ணன். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான். அடுத்த வாரமே தகரம் ஏறிவிட்டது.

அதன்பின் அவருக்குத் துணை என்றால் அந்தப் பக்கம் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்தான். அது நின்றால் தம்பி சாப்பிட வெளியே போய்விட்டான் என்று அர்த்தம். அவரும் டிபன் டப்பாவைத் திறப்பார்.

அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் அம்மாள், முட்டிக்கொள்ளும் இரண்டு டைனோசர்கள் வேண்டும் என்று வந்தாள். ஆளுக்கு ஒன்று. இலை தழை தின்னும் சாதுவாம். ஆனால் மண்டையோடு மட்டும் ஒரு சாண் கனம். நேருக்கு நேர் முட்டினவா, விலாவில் இடித்தனவா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறார்களாம். கிடைத்த மண்டையோடுகள் சிலவற்றில் அடிபட்டு ஆறிய பள்ளங்கள் இருக்கின்றன என்றாள்.

"ரெண்டுல ஒண்ணுக்கு மட்டும் அந்தக் காயம் போதும். எதுலன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."

தகரத்தைப் பார்த்தும் அவளுக்கு விஷயம் புரியவில்லை. அண்ணனும் யாரிடமும் கேட்கப் போகவில்லை. அடிபட்டவன் யார் என்பதில் என்ன சந்தேகம்? கட்டினவளைப் பறிகொடுத்த நாளில் தோள்கொடுக்க உடன்பிறந்தவன் இல்லையே. தன் டைனோசர் மண்டையின் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

சிலைகள் தனித்தனி வண்டியில் போய்ச் சேர்ந்தன. கூடத்தில் எதிரெதிரே நிறுத்தி உறையை உருவினார்கள். இரண்டு மண்டையிலும் பள்ளம்.

"ரெண்டும் ஒரே ஆளுகிட்ட அடி வாங்கின மாதிரில்ல இருக்கு" என்றான் சுமை தூக்க வந்தவன்.

அண்ணன் சிரிக்கவில்லை. தம்பி செய்த பள்ளம் அவருடையதைவிட ஆழம். விளிம்பு தடித்து, மெல்ல மெல்ல ஆறியதுபோல் இருந்தது. அவனுக்கும் ஒரு காயம் இருக்கும் என்று இத்தனை காலமும் அவருக்குத் தோன்றவே இல்லை. வாசலில் தான் கேட்ட கேள்வி இப்போது தன் காதிலேயே விழுந்தது.

"ஒண்ணைப் பட்டி வச்சு அடைச்சிடணும். யாரு அடைக்கிறீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

தம்பி நகத்தில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றான். அண்ணன் பட்டி டப்பாவின் மூடியை நெம்பினார். 'நீ விடுடா, என்னுதை நான் அடைச்சுக்கறேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவளே இரண்டையும் ஒருமுறை சுற்றி வந்து, "வேணாம், இருக்கட்டும். முட்டினா ரெண்டுக்கும்தானே படும்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவர் டப்பாவை மூடினார்.

மறுநாள் மத்தியானம் உப்புத்தாள் சத்தம் நின்றது. அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. எழுந்து போய், விரலை மடக்கித் தகரத்தில் மெதுவாகத் தட்டினார். சத்தம் நின்றால் அந்தப் பக்கம் ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் தட்டினார்.