பெரியம்மாவின் மெழுகுக் கட்டி

பெரியம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல் நிற்கவில்லை. தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் யார் இருமினாலும் சுரங்கத் தூசி என்றுதான் சொல்வார்கள். பெரியம்மாவோ ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கமே போனதில்லை. ஸ்கேனில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. பயாப்ஸி எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றார்கள்.

அதில் ஒரு சிக்கல். பத்து வருடத்துக்கு முன் அவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து அறுவை சிகிச்சையும் கீமோவும் ஆகியிருந்தன. அதுதான் திரும்பிவிட்டதா, இல்லை நுரையீரலிலேயே புதிதாக வந்ததா? அதைப் பொறுத்து மருந்து மாறும். கட்டியின் சதையில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பார்த்தால் தெரியும், பெங்களூருக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி, சதைத் துணுக்கை மெழுகில் பதித்துச் சின்ன டப்பாவில் கொடுத்தார்கள்.

நான் மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"என் ஒடம்புடா அது. நான் இல்லாம போவுதா?" என்று பெரியம்மாவும் காலை வண்டியில் ஏறிவிட்டார். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியது. மடியிலிருந்த பையை இடித்த ஓர் அம்மாவிடம், "பாத்துங்க, உள்ள என் நுரையீரல் கீது" என்றார். அந்த அம்மா எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்.

பத்து நாளில் முடிவு வந்தது. "மார்புலேர்ந்து வந்திருந்தா அந்த இடத்துப் புரதங்கள் இதுல இருக்கும். அது இல்ல. நுரையீரலோட புரதம்தான் இருக்கு. இது புதுசு" என்றார் டாக்டர்.

"அப்ப பழசு திரும்பி வரல" என்றார் பெரியம்மா, பரீட்சையில் பாஸானதுபோல. டாக்டர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இன்னொரு புரதமும் இருக்கு. சில பேருக்குத்தான் இருக்கும். அதைக் குறிவச்சே மாத்திரை இருக்கு. இப்போதைக்கு கீமோ வேணாம்."

"இன்னா டாக்டர் நீங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? போன தடவ முடியெல்லாம் கொட்டிப்போச்சு!"

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. முழுசாகப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை தொடர்கிறது, அதனால் காலில் கொஞ்சம் வீக்கமும் இருக்கிறது. போன ஞாயிறு தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்துபோய், எலும்பை அதிகம் போட்டதற்காகக் கறிக்கடைக்காரரோடு மூச்சு வாங்காமல் கால் மணி நேரம் சண்டை போட்டாராம். கறிக்கடைக்காரரே எனக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார்.